எர்த்துக் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

கண்ணு,

அடுத்த வாரம் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதியமான்கோட்டைக்குத் தனிக்குடித்தனம் போகிறீர்கள். உன் அம்மா சமையலறையில் பாத்திரம் பிரித்துக்கொண்டிருக்கிறாள். எந்தக் குக்கர் உனக்கு, எந்த இட்லிச்சட்டி எங்களுக்கு என்று வீடெல்லாம் ஒரே சத்தம். என்னிடம் கொடுப்பதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் செய்தி எழுதியவன் நான். அதனால் எழுதியே தருகிறேன். தனிக்குடித்தனம் போகும் மகளுக்கு அப்பன் எழுதினால் புத்திமதிதான் இருக்கும் என்று நீ நினைப்பாய். கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள். மற்றதெல்லாம் போன பங்குனிக் கடைசியில் ஏரியூர்ப் பக்கம் உன் மாமனார் வீட்டில் நான் கண்ணால் பார்த்தது. நீ செய்ததை உனக்கே எழுதிக் காட்டுவது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் ஒரு காரியத்தில் மூழ்கியிருப்பவருக்குத் தன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தெரியாது. பக்கத்தில் நின்றவன்தான் சொல்ல வேண்டும்.

பாலிடெக்னிக்கில் நீ எலக்ட்ரிக்கல் எடுத்தபோது, பெண் பிள்ளைக்குக் கம்பியும் கட்டிங் பிளேயரும் எதற்கு என்று சொந்தத்தில் கேட்காதவர்கள் குறைவு. ஒசூரில் பேனல் போர்டு கம்பெனியில் வேலைக்குப் போன பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் மறுபடியும் ஆரம்பித்தது. ரிசப்ஷன் மேடைக்கு மேலே தொங்கிய சீரியல் லைட்டில் பாதி அணைந்துபோய், லைட்டுக்காரர் ஏணி மேல் நின்று முழித்துக்கொண்டிருந்தார். நீ மாலையும் கழுத்துமாக நின்றபடி, "அண்ணா, எரியறதுக்கும் எரியாததுக்கும் நடுவுல ஒரு பல்பு லூசா இருக்கும், அதத் திருகுங்க" என்றாய். அவர் திருகினார், எரிந்தது. உன் அம்மா உன் இடுப்பில் கிள்ளியதை வீடியோக்காரர் அப்படியே பிடித்திருக்கிறார். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்தப் படிப்பு ஒரு வீட்டையே காப்பாற்றும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிரசவத்துக்கு எங்களிடம் வந்து, பிள்ளைக்குத் தலை நின்று, குப்புற விழுந்து நீந்தத் தொடங்கிய பிறகுதான் நீ ஏரியூருக்குத் திரும்பினாய். பேரனைப் பார்க்காமல் எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நான் மட்டும் முறுக்குப் பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை அப்போது வேலையாக வெளியூர் போயிருந்தார். வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுக்க உன் மாமியார் பிரிட்ஜைத் திறந்தார். திறப்பதற்கு முன்னால் முந்தானையை இரண்டு மடிப்பாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டார். அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற மாதிரி இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"அதுவா சம்பந்தி, லேசாக் கடிக்கும். எம் மாமியாளாட்டம். ஒருநா கடிக்கும், ஒருநா சும்மா கெடக்கும்."

வாசலில் தீவனம் கலந்துகொண்டிருந்த உன் மாமனாருக்கு அது காதில் விழுந்துவிட்டது. "கேட்டீங்களா சம்பந்தி? எங்கம்மா செத்தும் இவள உட மாட்டேங்கறா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாய். நான் வந்ததிலிருந்து நீ அவனைத் தரையில் விடவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மர பெஞ்சைக் குறுக்கே போட்டு வைத்திருந்தாய். எதையாவது பிடித்து எழுந்து நிற்கத் துடிக்கிற வயது அவனுக்கு. பெஞ்சுக்குக் கீழே நுழைந்துபோக அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மின்சாரம் தாக்கி இறந்தவர்களைப் பற்றி நான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். குளித்துவிட்டு ஈரத்தோடு கொடிக்கம்பியில் துணி போட்டவர், வெறுங்காலோடு கிரைண்டரைத் தொட்டவர். எல்லாம் நாலு வரிச் செய்தி. "எதிர்பாராதவிதமாக" என்ற சொல் அதில் தவறாமல் வரும். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் விசாரித்தால், லேசாகக் கடிக்கும், பழகிவிட்டது என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அதே சொல்லை என் மகள் வாழ்கிற வீட்டில், மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தனியாகக் கிடைத்தபோது உன்னிடம் கேட்டேன். பிரிட்ஜ் மெக்கானிக் வந்து பார்த்து, பிரிட்ஜில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இடத்தை மாற்றி வைத்தார்கள்; அங்கேயும் கடித்தது. மெயின் போர்டைத் திறந்து பார்க்கலாம் என்று நீ கேட்டபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சாமி, நீ புள்ளயப் பாரு" என்று மாமனார் முடித்துவிட்டார். அந்த வீட்டு வயரிங் முழுக்க அவர் கையால் இழுத்தது. தெருவில் யார் வீட்டில் பியூஸ் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போர்டை மருமகள் திறப்பது என்றால் அது சாதாரண விஷயமா?

போர்டைத் திறக்க விடாவிட்டால் என்ன, வாயைத் திறந்து கேட்கலாமே என்று நீ கேட்க ஆரம்பித்திருந்தாய். அன்றைக்கு மதியம் மாமியாரோடு பூண்டு உரித்துக்கொண்டே கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஏன் கடிக்கிறது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டாய்.

"அத்த, எப்பங்க ஜாஸ்தி கடிக்குது?"

"கடிக்கறதுக்கு என்ன நேரங்காலம் பாக்குமா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்ப வூட்ல வேற என்ன ஓடிட்டிருந்துது?"

அவர் பூண்டை வைத்துவிட்டு யோசித்தார். "ஞாயித்துக்கெழம உம் புருசன் சட்டைய இஸ்திரி போட்டேன் பாரு, அன்னைக்கு உள்ளங்கையில சுள்ளுனு வெச்சுது. லைட்டு வேற மங்கிப்போச்சு."

"இஸ்திரி பொட்டி கடிச்சுதுங்களா?"

"இல்ல சாமி. இஸ்திரி பொட்டி சும்மாதான் இருந்துது. பிரிட்ஜுதான் கடிச்சுது."

நீ தலையாட்டிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாய். விசாரணை என்றால் இப்படி இருக்க வேண்டும். பதில் சொல்கிறவருக்குத் தான் விசாரிக்கப்படுவதே தெரியக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்த நிருபர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவன் நான். நீ என்னிடம் ஒரு நாளும் கற்றதில்லை, எங்கிருந்து வந்ததோ!

கோடை வந்துவிட்டால் அந்தத் தெருவில், வீட்டு எர்த்து ஒயர் மண்ணில் இறங்குகிற எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். செம்மண், சரளை மண், காய்ந்தால் கல்லாகிவிடும். அதனால் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு குடம் தண்ணீர் குழிக்குப் போகும். உன் மாமியார் குழி ஓரத்தில் வைத்த கறிவேப்பிலை அந்தத் தண்ணீரிலேயே ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. வழக்கமாக விளக்குப் போடுவதற்கு முன்பே ஊற்றிவிடுவாராம். அன்றைக்கு சம்பந்தி வந்திருக்கிறேன் என்று பலகாரம் சுட்டதில் நேரமாகிவிட்டது. வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தபோதுதான் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நீயும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே இருந்த பழைய குண்டு பல்பு, யாரோ திரியைத் தூண்டிவிட்ட மாதிரி, பளிச்சென்று ஆனது.

எனக்கு அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. நீ பல்பைப் பார்த்தாய், வாசலைப் பார்த்தாய். பிறகு குரலை உயர்த்தாமல், "அத்த, இன்னொரு கொடம் ஊத்துங்க" என்றாய். ஊற்றினார். பல்பு இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆனது. ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் இரண்டாம் குடம் கேட்டாய் பார், அதற்காகவே உன்னைப் பற்றி நான் இவ்வளவு நீளமாக எழுதலாம்.

"எர்த்துக்குத் தண்ணி ஊத்தறது தப்பில்லப்பா. நல்லதுதான். ஊத்துனா லைட்டு பளிச்சுனு ஆகக்கூடாது. ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது."

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, காலில் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு டெஸ்டரை எடுத்தாய். இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் விளக்கு மங்கியது. பிளக் பாயின்ட்டின் ஒரு ஓட்டையில் டெஸ்டரை வைத்தாய், எரிந்தது. எரியவே கூடாத இன்னொரு ஓட்டையில் வைத்தாய். அதிலும் எரிந்தது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாய், நேராகப் போய் மெயினை இறக்கினாய். வீடு இருட்டானது.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த உன் மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார். "கரண்டு போச்சா?"

"இல்லீங்க மாமா, நாந்தான் ஆப் பண்ணேன். எர்த்துல கரண்டு வருதுங்க."

அவ்வளவுதான், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எர்த்துல குத்தம் சொல்லாத. கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு நானே தோண்டுனது. அப்படி ஒரு எர்த்து இந்தத் தெருவுல எவன் வூட்லயும் கெடையாது, தெரியுமா?"

இந்த இடத்தில் நான் புகுந்தேன். புகுந்திருக்கக் கூடாது. "அதெல்லாம் பொறுமையாப் பாத்துக்கலாங்க சம்பந்தி. அது வரைக்கும் இவளையும் பேரனையும் தருமபுரிக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதை இருட்டிலும் பார்த்தேன். "அப்ப எங்க வூடு மனுசங்க இருக்கற வூடு இல்லீங்களா?" என்றார். ஒரு வார்த்தையில் பேச்சு வயரிங்கை விட்டுவிட்டுச் சம்பந்தி சண்டைக்குப் போய்விட்டது. நீ என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாய்.

"நான் எங்கயும் போகலப்பா. நான் போயிட்டா அத்த அந்தப் பிரிட்ஜத் தொடாம இருப்பாங்களா? மாமா தொடாம இருப்பாங்களா?" என்றாய். பிறகு அவர் பக்கம் திரும்பினாய். "மாமா, உங்க எர்த்துல குத்தமே இல்லீங்க. அது நல்லா இருக்கறதாலதான் இத்தன நாளும் இந்த வூட்ல லைட்டு எரிஞ்சுது. வேற வூடா இருந்தா என்னைக்கோ இருட்டாயிருக்கும். அது பண்ண வேண்டாத வேலையும் சேத்துப் பண்ணிட்டிருக்குது."

"அதென்ன வேல?"

"நியூட்ரல் வேல. கம்பத்துல இருந்து வர்ற நியூட்ரல் எங்கயோ விட்டுப்போச்சுங்க. வந்த கரண்டு திரும்பிப் போக வழியில்லாம உங்க எர்த்து வழியாப் போகுது. பிரிட்ஜும் அதே எர்த்துலதான இருக்குது? போற போக்குல அதுலயும் ஏறி நிக்குது. மண்ணு காயக் காய இன்னும் ஜாஸ்தியாத்தான் ஏறும்."

அவரைச் சமாதானப்படுத்த நீ சொன்னதாகத்தான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தபோது அதில் ஒரு சொல்கூட முகஸ்துதி இல்லை என்று புரிந்தது. அவர் தோண்டிய குழி நன்றாக இருந்ததுதான் உண்மை. அந்த நன்மையே கோளாறை மறைத்து வைத்திருந்தது. ஒருவர் செய்ததில் எது சரியோ அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தப்புக்குப் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். "தை மாசம் லைட்டெல்லாம் மங்கிப்போச்சு. போர்டுல எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயர் போட்டு நாந்தான் சேத்துக் கட்டுனேன். கட்டுனதும் ஜம்முனு வந்துருச்சு" என்றார். சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் குரல் இறங்கியது. "அப்ப வாய்க்கா ஒடஞ்ச தண்ணிய நான் வூட்டுக்குள்ள திருப்பி உட்டிருக்கறேன்னு சொல்லு."

"உள்ள மட்டும் இல்லீங்க மாமா, வூட்டு வழியா மண்ணுக்குங்க" என்றாய். அவரும் அதற்குச் சிரித்துவிட்டார்.

அன்று இரவு மின்விசிறி இல்லாமல் எல்லோரும் வாசலில் படுத்தோம். பால் திரிந்துபோகும் என்று மாமியார் புலம்பினார். ஆனால் மெயினைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. காலையில் நீ ஒரு ஹோல்டரில் பல்பை மாட்டி, இரண்டு ஒயரை நீட்டிவிட்டு ஒரு டெஸ்ட் லாம்ப் செய்தாய். மெயின் இறங்கியிருக்கிறதா என்று மறுபடி சோதித்த பிறகு, மாமனார் கட்டிய அந்தத் துண்டு ஒயரை அவரையே அவிழ்க்கச் சொன்னாய். காய்ந்த பலகை மேல் நின்று, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை மெயினுக்கு முன்னால் கரண்ட் வருகிற பேஸ் ஒயரிலும் இன்னொரு முனையை எர்த்திலும் வைத்தாய், பல்பு எரிந்தது. எர்த்திலிருந்து எடுத்து, கம்பத்திலிருந்து வரும் நியூட்ரலில் வைத்தாய், எரியவில்லை. அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு லைன்மேனைக் கூப்பிடப் போனார்.

வந்த லைன்மேன் கம்பத்தில் சப்ளையை நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறினார். வீட்டுக் குழாய்க்குள் ஒயர் இறங்குகிற இடத்தில் அலுமினியமும் செம்பும் முறுக்கிய பழைய ஜாயின்ட் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. "தொட்டதும் கையோட வந்துருச்சுங்க. இதுலயா இத்தன நாளு ஓட்டுனீங்க?" என்று மேலிருந்து கேட்டார். "இதுல எங்கப்பா ஓட்டுனோம், எர்த்துலல்ல ஓட்டுனோம்" என்றார் உன் மாமனார். புது ஜாயின்ட் போட்டு முடித்ததும் மெயினை ஏற்றினாய். விளக்கு, மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஓடவிட்டு, லைன்மேனிடம் மீட்டரை வாங்கி வைத்துப் பிரிட்ஜைப் பார்த்தாய். அதன் பிறகு புறங்கையால் நீ முதலில் தொட்டாய். பிறகு மாமியாரைத் தொடச் சொன்னாய். அவர் பழக்கத்தில் முந்தானையை எடுத்தார். எடுத்ததை விட்டுவிட்டு வெறுங்கையை வைத்தார். "கம்முனு இருக்குது!" என்று அவர் சொன்ன பிறகுதான் மர பெஞ்சை நகர்த்திவிட்டுப் பிள்ளையைத் தரையில் விட்டாய். சாயங்காலத்துக்குள் லைன்மேன் சொன்ன கடையில், கரண்ட் கசிந்தால் தானாகவே இறங்கிவிடும் உயிர் காக்கும் சுவிட்ச் ஒன்றும் வாங்கி மாட்டியாகிவிட்டது.

புத்திமதி என்று சொன்னேனே, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதியமான்கோட்டை வீடு வாடகை வீடு. பால் காய்ச்சுவதற்கு முன்னால் மெயின் போர்டைத் திறந்து பார். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பார். மாப்பிள்ளைக்கு எந்த சுவிட்சை இறக்கினால் எது நிற்கும் என்று சொல்லிக் கொடு. நீ வீட்டில் இல்லாத நேரத்திலும் அந்த வீடு பத்திரமாக இருக்க வேண்டும். ஒசூருக்கு மறுபடி வேலைக்குப் போவதா, இங்கேயே சொந்தமாக ஏதாவது செய்வதா என்று கேட்டிருந்தாய். எதைச் செய்தாலும், பூண்டு உரித்துக்கொண்டு கேட்ட மாதிரியே கேள். உனக்குச் சொல்ல என்னிடம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது மட்டும்தான்.

கோளாறு தீர்ந்த வீட்டில் உன் மாமனார் மட்டும் சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்தார். தான் செய்த தப்பை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னங்க மாமா?" என்று கேட்டாய்.

"மாதம்மா வூட்லயும் லைட்டு மங்குதுன்னு கூப்புட்டா. இதே மாதிரி அங்கயும் நாந்தான் கட்டிக் குடுத்தேன். கடசி வூட்லயும் நாந்தான்" என்றார். மாதம்மா உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வீட்டிலும் நடக்கப் பழகுகிற பிள்ளை இருக்கிறது.

நீ உள்ளே போய் டெஸ்டரையும் டெஸ்ட் லாம்பையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாய். நீயே எடுத்துக்கொண்டு முன்னால் போயிருக்கலாம். ஒருவரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்து நடந்தார். நீ பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவருக்கு ஓரடி பின்னால் போனாய். நான் உங்கள் வாசலிலேயே நின்று பார்த்தேன். பொழுது சாய்கிற நேரம். மாதம்மா குடத்தைச் சாய்த்துத் தன் வீட்டு எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஊத்தறது இருக்கட்டும் மாதம்மா. மொதல்ல மெயின ஆப் பண்ணு."

"ஏண்ணா? நீதான கட்டிக் குடுத்த? நல்லாத்தான எரியுது?"

"எரியுது. ஆனா நான் கட்டுனது தப்பு." தெருவுக்கே கேட்கிற குரலில்தான் சொன்னார். "நானே அவுத்துடறேன். அப்பறம் எம் மருமக பாத்துச் சொல்லட்டும். அது வரைக்கும் எதையும் தொடாத, புள்ளயத் தூக்கிக்க."

மாதம்மா உன்னைப் பார்த்தார். நீ தலையசைத்தாய். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவர் பிள்ளையைத் தூக்க உள்ளே ஓடினார்.

உன் அப்பா